06-ல் தொடங்கும் பாசஞ்சர் எண்ணைப் போட்டால் வண்டியே காட்டவில்லை, உதவுங்கள்

திருமங்கலத்தான்:
அப்பா திருமங்கலத்தில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறி ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போகிறார். 06-ல் ஆரம்பிக்கும் எண் ஒன்றை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பர்சில் வைத்திருப்பார், டிசம்பர் கடைசி வரைக்கும் அதைப் போட்டால் வண்டி எங்கே வருகிறது என்று செயலி காட்டும், இந்த வாரம் அப்படி ஒரு வண்டியே இல்லை என்கிறது. செயலியை அழித்துத் திரும்ப ஏற்றியும் பார்த்தாச்சு. நிறுத்திவிட்டார்களா? டிக்கெட் ரேட்டும் ஏறிவிடுமோ என்று அவருக்குக் கவலை.

கூடல்நகர் வாசி:
வண்டி ஓடுகிறது தம்பி, எண்தான் மாறியிருக்கிறது. முதல் இலக்கம் 0 என்றால் சிறப்பு ரயில். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்களையெல்லாம் சிறப்பு ரயில் கணக்கில்தான் ஓட்டினார்கள், அதனால் அந்த 0. தெற்கு ரயில்வே 2025 ஜனவரி 1 முதல் அதை எடுத்துவிட்டு வழக்கமான எண்ணையே கொடுத்துவிட்டது. இப்போது சாதாரண பாசஞ்சர் 5-லும், மெமு (மின்சாரத்தில் ஓடும் குறுந்தூர வண்டி) 6-லும், டெமு (டீசலில் ஓடுவது) 7-லும் தொடங்கும். செயலியில் எண்ணைப் போடாமல் திருமங்கலம், ராஜபாளையம் என்று இரண்டு ஸ்டேஷனையும் போட்டுத் தேடுங்கள், 5-ல் தொடங்கும் வண்டிகள் வரும், அப்பா போகும் நேரத்தோடு ஒத்துப் பார்த்துப் புது எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள். ரேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 30 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை 2024 பிப்ரவரியிலேயே 10 ரூபாய்க்கு இறக்கிவிட்டார்கள்.

திருமங்கலத்தான்:
கிடைத்துவிட்டது அண்ணே, ரொம்ப நன்றி. போகும்போது ஒரு எண், வரும்போது வேறு எண் காட்டுகிறதே, சரிதானா?

கூடல்நகர் வாசி:
சரிதான். திசைக்கு ஒரு எண், இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். வைகை எக்ஸ்பிரஸே சென்னையிலிருந்து வரும்போது 12635, மதுரையிலிருந்து கிளம்பும்போது 12636. இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுங்கள், ஒன்று மட்டும் இருந்தால் சாயங்காலம் மறுபடியும் குழம்புவார்.

விருதுநகர் ஜங்ஷன்:
இடையில் ஒரு சந்தேகம். பெட்டியின் பக்கவாட்டில் 99453 என்று பெயிண்டில் எழுதியிருந்தது, அதுவும் வண்டி எண்ணா? செயலியில் போட்டால் ஒன்றும் வரவில்லை.

பழங்காநத்தம் ரயில்பிரியன்:
அது பெட்டியோட எண், வண்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. முதல் இரண்டு இலக்கம் கட்டிய ஆண்டு, 99 என்றால் 1999. கடைசி மூன்று பெட்டியின் வகை: 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை முன்பதிவில்லாத பொதுப்பெட்டி. நீங்கள் பார்த்தது 453, அதாவது பொதுப்பெட்டி. பாசஞ்சரில் பையை மறந்து வைத்துவிட்டு ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் போட்டால் எந்தப் பெட்டி என்றுதான் முதலில் கேட்பார்கள், முன்பதிவு வண்டி மாதிரி எஸ்1, எஸ்2 என்று சொல்ல அங்கே வழியில்லை, அப்போது இந்த எண் கைகொடுக்கும். நான் ஏறும்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வேன்.

திருமங்கலத்தான்:
அவசரத்துக்கு மதுரையிலிருந்து 12-ல் தொடங்கும் வண்டியில் அப்பா இதே பாசஞ்சர் டிக்கெட்டோடு ஏறலாமா?

கூடல்நகர் வாசி:
கூடாது. 12, 22 எல்லாம் சூப்பர்ஃபாஸ்ட், பொதுப்பெட்டிக்கும் தனிக் கட்டணம் உண்டு, பாசஞ்சர் டிக்கெட்டோடு பிடிபட்டால் அபராதம். 16-ல் தொடங்குவது சாதாரண எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் கிடையாது, ஆனால் பாசஞ்சர் டிக்கெட் அதற்கும் செல்லாது. கவுண்டரில் எந்த வண்டி என்று சொல்லியே எடுக்கச் சொல்லுங்கள்.