பொருள்: பின்மண்டை எலும்பு மேட்டுக்கு ஒரு சொல், வியாழனுக்குள்

அன்புள்ள சேலம் நண்பர்களுக்கு (வழக்கம்போலப் பெயருக்குப் பதில் அவரவர் ஊரையோ பகுதியையோ கீழே இடுவோம்),

இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வியாழன் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும், ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. பின்மண்டை நடுவில் விரல் வைத்தால் தட்டுப்படுமே, அந்த எலும்பு மேடு. கழுத்தின் இணைப்புநார் பற்றிக்கொள்ளும் இடம். பலருக்குச் சிறிதாக இருக்கும், சிலருக்கு நீண்டு வளர்ந்துவிடும். 10 மில்லிமீட்டரைத் தாண்டியதை ‘பெரிதானது’ என்று ஆஸ்திரேலியாவின் சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்தார்கள். 2018இல் வந்த அவர்கள் கட்டுரையில் 1200 எக்ஸ்ரே படங்கள். மூன்றில் ஒரு பங்கில் மேடு இப்படிப் பெரிதாக இருந்தது. இளையவர்கள், ஆண்கள், தலையை முன்னால் நீட்டியே வைத்திருப்பவர்கள், இவர்களிடம் கூடுதல்.

‘பிடரிப் புடைப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

(அம்மாப்பேட்டை)

*

தம்பி, புடைப்பு வேண்டாம். நிலைப்படியில் இடித்துக்கொண்டு வரும் பிள்ளை “புடைச்சுக்கிச்சு டீச்சர்” என்கிறது. அது வீக்கம், இரண்டு நாளில் வடிந்துவிடும். இது எலும்பு, வடியாது. எங்கள் வகுப்பில் பிடரி என்றாலே ஒரு கணம் விழிப்பார்கள், பொடனி என்றால் உடனே கை பின்னால் போகும். ‘பொடனி மேடு’ என்று வையுங்கள்.

(ஏற்காடு)

*

பொடனி பேச்சுவழக்கு அக்கா, அச்சில் ஏறாது. சிலப்பதிகார வழக்குரை காதையில் கொற்றவை எருமையின் ‘பிடர்த்தலை’ மேல் நிற்கிறாள். பிடர் இருக்கும்போது திரிபு எதற்கு? எருமை என்றால் கொம்பும் வந்துவிடுகிறது. ‘பிடர்க்கொம்பு’ என்போம், நாளிதழ்களும் கொம்பு என்றுதானே எழுதின. இன்னொன்று: பிடர், பிடி இரண்டும் ஒரே வேராக இருக்கலாம் என்பது என் எண்ணம். பிடரியைப் பிடித்துத்தானே தள்ளுகிறோம்? புடை, புறம் எல்லாவற்றையும் இதோடு வைத்துப் பார்த்தால்...

(குகை)

*

ஐயா, வேர் ஆராய்ச்சியை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்வோம். கொம்பு மட்டும் கூடவே கூடாது. 2019இல் ‘கைப்பேசியால் கொம்பு முளைக்கிறது’ என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. செய்திக்கு அடிப்படை நான் சொன்ன 2018 கட்டுரைதான். அந்த ஆய்வில் யார் எத்தனை மணி நேரம் கைப்பேசி பார்த்தார்கள் என்று அளக்கவே இல்லை. கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழும் பின்னர் திருத்தம் வெளியிட்டது. கொம்பு என்று பேர் வைத்தால் அந்தப் பயமும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். நார் இழுக்கும் இடத்தில் எலும்பு வளர்வது, அவ்வளவுதான். அளக்காத காரணத்தைப் பெயரில் ஏற்றக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

நேற்று என் பெரியப்பா பின்மண்டையைத் தடவிப் பார்த்தேன். நாற்பது வருஷம் தறிக்குழியில் குனிந்தே உட்கார்ந்தவர். முடிக்குள் சுண்டைக்காய் அளவில் கெட்டியாக ஒரு மேடு, கீழ்ப்பக்கம் கொஞ்சம் கூர்மை. “வலிக்குதா?” என்றேன். “அது எப்பவும் இருக்கறதுதான்டா” என்றார். ஒரு மண்டையை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் அவருக்குக் கையேட்டை வாசித்துக் காட்டினால் ‘மேடு’ புரியும். மேட்டை எடுத்துக்கொள்கிறேன். பொடனியா பிடரியா என்பதைச் சொல்லுங்கள்.

(அம்மாப்பேட்டை)

*

பிடரி. பொடனியை அடைப்புக்குறியில் போடுங்கள், மாணவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

(ஏற்காடு)

*

எனக்கும் பிடரி மேடு சம்மதம். ஆனால் பிடரி கழுத்து ஐயா, இது மண்டை. ‘பின்மண்டை மேடு’ என்றால் என்ன குறை?

(ஆத்தூர்)

*

பிடரி எலும்பு என்று பாடநூலில் ஏற்கெனவே இருப்பதால் அதோடு ஒத்துப்போகிறேன். ‘பிடரி மேடு’, பெரிதானதற்கு ‘பிடரி மேட்டு மிகைவளர்ச்சி’ என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். நன்றி எல்லோருக்கும்.

(அம்மாப்பேட்டை)

*

கொம்பை விட்டுவிட்டேன், சரி. ஆனால் மிகை என்றால் யாருக்கு மிகை? 10 மில்லிமீட்டர் என்ற கோடு ஆய்வாளர்கள் போட்டது. உங்கள் பெரியப்பாவுக்கு அது எப்பவும் இருக்கறதுதான். ‘நெடுமேடு’ என்றால் அளவை மட்டும் சொல்லும். இரண்டாம் பதிப்பு வந்தால் பாருங்கள்.

(குகை)