‘ஸ்கேத்’: ஊறா, ஏதமா, பாவமா?

அவையோர்க்கு வணக்கம்.
பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் பற்றிய பாடத்துக்கான அருஞ்சொற்பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஸ்கேத்’ என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். பொருள் தீங்கு, சேதம். இன்றைய ஆங்கிலத்தில் ‘அன்ஸ்கேத்டு’ என்ற எதிர்மறையில்தான் அது பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. சாசரோ, தம் கதைமாந்தரான பாத் நகரத்துப் பெண்மணிக்குக் காது சற்று மந்தம், ‘அது ஸ்கேத்’ என்கிறார். அங்கே ‘தீங்கு’ ஒட்டவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் உண்டா?

—

ஐயா, வெளியே தேடுவானேன்? சிதை, சிதைவு, சேதம். ஒலியைக் கேளுங்கள்! ஜெர்மனுக்கு உறவான பழைய மொழி கோத்திக்கில் ‘ஸ்கத்யன்’, ஜெர்மனில் ‘ஷாடன்’. வேர் எங்கே என்று நான் சொல்லவும் வேண்டுமா?

—

> நான் சொல்லவும் வேண்டுமா?

வேண்டாம் ஐயா. சேதம் வடசொல், அதைச் சிதையோடு முடிச்சுப் போடுவதே விவாதத்துக்குரியது. ‘ஸ்க’வைக் கவனியுங்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த ஒலி ‘ஷ’ ஆகிவிட்டது. ஷர்ட் ஆங்கிலேயர் சொல். ஸ்கர்ட் வைக்கிங்குகளின் நார்ஸ் மொழி தந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. இதுவும் உள்ளூரிலேயே வளர்ந்திருந்தால் ‘ஷேத்’ என்றாகியிருக்கும்.

என் பரிந்துரை ‘ஊறு’. கெடு கேடானதுபோல் உறு ஊறானது. முதனிலை திரிந்த தொழிற்பெயர். குறளின் ‘சுவையொளி ஊறோசை’யில் தொடுவுணர்ச்சி, இடையூற்றில் தீங்கு. மேலே வந்து படுவதெல்லாம் ஊறுதான். ‘ஊறின்றித் தப்பினான்’ என்றால் எதிர்மறையும் தீர்ந்தது.

—

வகுப்பில் ‘ஊறு’ என்று எழுதிப் பாருங்கள். முதல் வரிசை மாங்காயை நினைக்கும், கடைசி வரிசை கிணற்றை. செய்தித்தாளில் ‘காயமின்றி உயிர் தப்பினார்’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

அந்தக் காதுக்கு வருகிறேன். அவளுடைய ஐந்தாம் கணவன், கெட்ட மனைவியரைப் பற்றிய புத்தகத்தை ஓயாமல் வாசித்துக் காட்டுகிறான். அவள் ஏட்டைக் கிழிக்கிறாள், அவன் தலையில் அறைகிறான், காது போகிறது. இது நமக்குப் பின்னால்தான் தெரியவருகிறது. முதலில் சாசர் சொல்வது, நம் வீட்டுப் பாட்டி சொல்வதுபோல, ‘காது கொஞ்சம் மந்தம், பாவம்’ என்பதுதான். ஜெர்மானியர் இன்றும் ஐயோ பாவம் என்னும் இடத்தில் ‘ஷாடே’ என்கிறார்கள். தீவினையைக் குறித்த ‘பாவம்’ நம்மிடம் இரக்கச் சொல்லானதும் ஏறக்குறைய இதே கதைதான்.

—

பாவமும் வடசொல்லே அம்மா! ‘ஏதம்’ இருக்கிறதே. ‘ஏதம் பெருஞ்செல்வம்’, குறள் 1006.

—

அந்த ஏதத்துக்கே மாணவர்கள் உரை தேடுகிறார்கள்.

—

நன்றி. பட்டியலில் ‘ஊறு’, சாசர் வரியில் ‘பாவம்’ என்று அனுப்பிவிட்டேன். நால்வர் சரி என்றார்கள். அவர்களில் இருவர் ‘ஏதோ ஒன்று’ என்றார்கள்.

—

என் மறுப்பைப் பதிவு செய்க. ‘சிதை’ பற்றிப் பன்னிரண்டு பக்கம் இணைத்திருக்கிறேன். ஷர்ட்டுக்கும் அதில் விடை உண்டு.