எஞ்சினில் தண்ணீர் வரவில்லை, அவசரம்

நீரோடிக்காரன்:
படகு எஞ்சினின் பக்கத்துத் துளையில், சூட்டைத் தணித்துவிட்டு வெளியே பீய்ச்ச வேண்டிய தண்ணீர் வரவில்லை. நேற்று முன்தினம் வரை நன்றாகப் பீய்ச்சியது. விடியற்காலையில் கடலுக்குப் போக வேண்டும். யாராவது உடனே சொல்லுங்கள்.

பொழிக்கரை:
எந்த எஞ்சின்? எத்தனை குதிரைத்திறன்? பெட்ரோலா, மண்ணெண்ணெயா? கரையில் டிரம்மில் ஓட்டினீர்களா, கடலிலா?

தூத்தூர் அண்ணன்:
மணல்தான், சந்தேகமே வேண்டாம். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடக்கிறது. ஆழமில்லாத இடத்தில் எஞ்சினைப் போட்டால் மணலையும் சேர்த்துத்தான் உறிஞ்சும்.

நீரோடிக்காரன்:
9.9, இரண்டு ஸ்ட்ரோக், மண்ணெண்ணெய். டிரம்மில்தான் ஓட்டினேன். மணலில் போகவே இல்லை.

கடலோடி:
துளைக்குள் தங்கூசியை, அதுதான் நைலான் தூண்டில் நரம்பை, விட்டுக் குத்திப் பாருங்கள். பாதி நேரம் உப்புதான் அடைத்திருக்கும்.

மூத்த மெக்கானிக்:
இங்கே கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது, தம்பி. கடைசியாக எஞ்சினில் எதைக் கழற்றினாய் என்று சொல்லாமல் மருந்து கேட்டால் யார் சொல்வது? இம்பெல்லர், அதாவது பம்பில் தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர்ச் சக்கரம், மாற்றி எத்தனை நாளாகிறது? ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும் என்று நான் இங்கே எழுதாத நாளில்லை. யாரும் படிப்பதில்லை.

நீரோடிக்காரன்:
தங்கூசி தடையில்லாமல் போகிறது, அடைப்பில்லை. இம்பெல்லரை நேற்றுத்தான் மாற்றினோம், அண்ணா. புதியது. அதனால் அது காரணமாக இருக்காது.

பொழிக்கரை:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! மாற்றிய மறுநாளே தண்ணீர் நின்றால், மாற்றிய இடத்தில்தான் கோளாறு. இரண்டைப் பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட் என்கிற சுற்றும் தண்டையும் இம்பெல்லரையும் பூட்டும் சின்ன அரைநிலா கீ, அந்த உலோகத் துண்டு, இருக்கிறதா? மாட்டும்போது அது நழுவிக் கிரீஸிலோ துணியிலோ ஒட்டிக்கொண்டு போய்விடும். பிறகு ஷாஃப்ட் சுற்றும், இம்பெல்லர் சும்மா நிற்கும்.

அடுத்தது தண்ணீர்க் குழாய். கியர் பாக்ஸை மேலே தூக்கி மாட்டும்போது, குழாயின் கீழ் நுனி பம்பின் தலையில் உள்ள ரப்பர் வளையத்துக்குள் இறங்க வேண்டும். அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. நுனி விலகிப் பக்கத்தில் நின்றுவிட்டால், பம்ப் தள்ளும் தண்ணீர் எஞ்சினின் கீழ்க்காலுக்குள்ளேயே சிந்திக் கீழே ஓடிவிடும், எஞ்சினுக்கு ஏறாது. நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொள்ள மாட்டுங்கள். டிரம்மில் தண்ணீர் உறிஞ்சும் துளைகள் முழுக மூழ்கியிருக்கட்டும். தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், புது ரப்பரும் கருகிவிடும்.

தூத்தூர் அண்ணன்:
மண்ணெண்ணெய் எங்கே வாங்குகிறீர்கள்? பொழியூர்ப் பக்கமா?

மூத்த மெக்கானிக்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தூத்தூர் அண்ணன்:
கலப்பட எண்ணெயில் சூடு ஏறும். என் பிளக்கில் கரி அப்பிக்கிடந்தது, கண்ணால் பார்த்தேன்.

மூத்த மெக்கானிக்:
கரி எண்ணெயால் மட்டுமா வருகிறது? நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டினாயா? மாற்றாவிட்டால் கார்பரேட்டரில் மண்ணெண்ணெயே தங்கும், மறுநாள் எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. பிறகு எண்ணெய்க் கடைக்காரனைத் திட்டுவாய்.

தூத்தூர் அண்ணன்:
பெட்ரோல் விற்கும் விலையில் அதையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள், அண்ணாச்சி.

கடலோடி:
இரண்டு பேரும் தனி இழையில் சண்டை போடுங்கள். இங்கே ஒருவருக்கு விடிந்தால் கடலுக்குப் போக வேண்டும்.

நீரோடிக்காரன்:
குழாய்தான். இப்போது பீய்ச்சுகிறது. போகிறேன், நன்றி.

பொழிக்கரை:
நல்லது. தண்ணீர் வராமல் மொத்தம் எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள்? ஆவி கக்கியதா? அப்படியென்றால் போகும் முன் பிளக்கைக் கழற்றி, கயிறை இழுத்து அழுத்தம் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். பிஸ்டன் உரசியிருந்தால் நடுக்கடலில் நின்றுவிடும்.

பொழிக்கரை:
தம்பி, இருக்கிறீர்களா?

தூத்தூர் அண்ணன்:
கிளம்பியிருப்பார். மண்ணெண்ணெய் எங்கே வாங்கினார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.