பெரிய சோப்பு முட்டை உடையாமல் வர என்ன கலவை?

கேள்வி:
விடுமுறை நாள் சாயங்காலம் பிள்ளைகளோடு சோப்பு முட்டை விடுவதில் இருக்கும் குதூகலமே தனி. குழாயில் ஊதும் சின்ன முட்டைகள் நன்றாக வருகின்றன. ஆனால் நூல் வளையத்தில் பெரிதாக விடப் பார்த்தால் படலம் வளையத்திலேயே கிழிந்துவிடுகிறது. சோப்பைக் கூட்டினால் நுரைதான் பொங்குகிறது. கலவையில் கோளாறா, வளையத்திலா?

பதில் 1:
சோப்பைக் கூட்டாதீர்கள். நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கக் கொஞ்சம் சோப்பே போதும். படலம் இழுபட்டும் கிழியாமல் இருக்க, நீள நீளமான மூலக்கூறுகள் கொண்ட ஒரு பிசின் வேண்டும். குவார் கம் பொடி அதற்கு அருமையானது.

வெந்நீர் 1 லிட்டர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 50 மில்லி, குவார் கம் 2 கிராம், கிளிசரின் 1 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன்.

பொடியை நேரே தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும்; அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் கரையாது. முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டு, வெந்நீரைக் கலக்கியபடியே அதில் ஊற்றுங்கள். பத்து நிமிடத்தில் லேசாகக் கெட்டிப்படும். பேக்கிங் பவுடரைப் போட்டு, சோப்பைக் கடைசியில் சேர்த்து, நுரைக்காமல் மெதுவாகக் கிளறுங்கள். ஒரு மணி நேரமாவது ஆறட்டும். மேலே நிற்கும் நுரையை வழித்தெடுக்க மறக்காதீர்கள், படலத்தைக் கிழிப்பதில் பாதி அந்த நுரைதான். கலவை சளி மாதிரி இழுத்தால் பிசின் கூடிவிட்டது. தண்ணீர் விட்டுத் தளர்த்துங்கள்.

பதில் 2:
வளையத்தையும் பாருங்கள். நைலான் கயிறு கலவையை உறிஞ்சாது. பருத்தி நூல்தான் சரி, கொஞ்சம் தடிமனாக. ஒரு மீட்டர் நீளக் குச்சிகள் இரண்டு. அவற்றின் நுனிகளை 50 செ.மீ. நூலால் இணையுங்கள். அதே நுனிகளிலிருந்து 1 மீட்டர் நூல் ஒன்று தொங்கட்டும், அதன் நடுவில் ஒரு வாஷரைக் கோத்தால் முக்கோணமாக விரியும். புது நூலை ஒருமுறை அலசிவிடுங்கள், கஞ்சியும் எண்ணெயும் போகும்.

குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து முக்கி, மெல்ல விரித்து, பின்னால் நடங்கள். முட்டை உப்பியதும் குச்சிகளைச் சேர்த்தால் அது மூடிக்கொண்டு விடுபடும். பலர் இந்த மூடலைச் செய்வதே இல்லை, இழுத்துக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் உடைகிறது.

பதில் 3:
நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் படலத்தின் நீர் ஆவியாகிவிடும். மழை விட்டபின், அதிகாலை, அந்தி நேரம் நல்லது. இலை லேசாக அசையும் காற்று போதும். புல்தரையில் விடுங்கள், சிமென்ட் தரை வழுக்கும்.

நிறங்களையும் கவனிக்கச் சொல்லுங்கள், அதுதான் இதில் பேரழகு. நீர் கீழே வடிய வடிய உச்சி மெலியும். வண்ணங்கள் வெளுத்து வெள்ளியாகி, பிறகு கறுப்புத் திட்டு தெரிந்தால் அங்கே தடிமன் சுமார் 30 நானோமீட்டருக்கும் கீழே போய்விட்டது என்று அர்த்தம். படலத்தின் இரு பக்கமும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் வரும் கறுப்பு அது. அடுத்து உடைவதுதான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மழை பெய்தால் வீட்டுக்குள் ஏதாவது செய்ய முடியுமா?

பதில் 1:
தாராளமாக. ஒரு தட்டு முழுக்கக் கலவையைத் தடவி, உறிஞ்சுகுழாயால் அதன்மேல் ஊதினால் அரைக்கோளம் நிற்கும். குழாயின் வெளிப்பக்கத்தையும் நனைத்துவிட்டு உள்ளே செருகுங்கள். உடையாது, உலர்ந்த பொருள் பட்டால்தான் உடையும். உள்ளே இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என ஊதலாம். பக்கத்தில் இன்னும் இரண்டு ஒட்டவிட்டால், மூன்று படலங்கள் சேரும் இடத்தில் எப்போதும் 120 பாகைக் கோணமே வரும். மேலிருந்து பார்த்தால் பிள்ளைகளுக்கே பளிச்சென்று தெரியும்.