புதுப்பிப்பு: டேப்லெட்டை வீட்டுப் போனாக வைத்திருப்போருக்கு

பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டில், இணையம் வழியாக அழைப்பு எடுக்கும் லின்போன் செயலியைப் போட்டு, வைஃபையில் வீட்டுப் போனாகப் பாவிக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். அதன் கீழே திருகோணமலையில் இருந்து அதிகம் வந்த முறைப்பாடுகள் இரண்டு.

திரை அணைந்தால் மணி அடிக்குதில்லை: பிழை செயலியில் இல்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆண்ட்ராய்டு அதை உறங்க வைக்கிறது. அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள்.

நாங்கள் கதைப்பது கேட்குது, அவர்கள் கதைப்பது கேட்குதில்லை: பெரும்பாலும் ரவுட்டரின் சிப் ஏஎல்ஜி (SIP ALG) செய்யும் வேலை. சிப் என்பது இணைய அழைப்பை இணைக்கும் முறை; ஏஎல்ஜி அந்த அழைப்புச் செய்திகளில் கைவைக்கும் ரவுட்டர் வசதி. உதவுகிறேன் என்று செய்தியின் உள்ளே இருக்கும் ஐபி முகவரியை மாற்றி எழுதும். குரல் வேறெங்கோ போய்விடும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதை அணையுங்கள். அந்தத் தெரிவு இல்லாவிட்டால், செயலியில் செய்தி அனுப்பும் வழியாக யுடிபியை (UDP) விட்டு, மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் (TLS) தெரிவு செய்யுங்கள். மறையாக்கம் செய்த செய்தியை ஏஎல்ஜியால் தொட முடியாது.

குரல் விட்டுவிட்டு வந்தால் கோடெக்கை, அதாவது குரலைச் சுருக்கி அனுப்பும் முறையை, ஓபஸுக்கு மாற்றுங்கள். ஜி.711 என்ற கோடெக் ஒரு திசைக்கே வினாடிக்கு ஏறக்குறைய 87 கிலோபிட் கேட்கும்; ஓபஸுக்கு அதைவிடக் குறைவு போதும். எதிரொலிக்கு மூன்று வளையம் உள்ள 3.5 மிமீ பின் கொண்ட ஹெட்செட்தான் மருந்து. இரண்டு வளையம் என்றால் அதில் மைக் இல்லை.

கரண்ட் போனால் டேப்லெட் உயிரோடு இருக்கும், ரவுட்டர் இராது. ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டுக்குப் பொருந்தும் மினி யுபிஎஸ் வாங்குங்கள். இந்த வெக்கையில் டேப்லெட்டை நாள் முழுக்க சார்ஜில் விட்டால் பேட்டரி ஊதக்கூடும். பின்மூடி சற்று எழும்பினாலே பாவனையை நிறுத்துங்கள்.

அவசரத்துக்கு 119 (பொலிஸ்), 1990 (அம்புலன்ஸ்) இரண்டுக்கும் சாதாரணப் போன் ஒன்று கையில் இருக்கட்டும்.