பருத்த எலியில் கொழுப்புச் செல்லின் அளவைத் தீர்மானிப்பது இடமா, தீனியின் காலமா?

செவ்வந்தி:
பருமனான விலங்கின் கொழுப்புச் செல்கள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வீங்கும் என்று எண்ணித் தோலடியிலிருந்து மட்டும் சிறு துண்டு எடுத்து அளந்துவிட்டு, அதையே முழு உடலுக்கும் பொருத்துவது பெரும் பிழை. மெலிந்த எலியிலேயே குடலைத் தாங்கும் சவ்விலுள்ள செல்கள் சிறியவை. விந்தகத்தை ஒட்டிய கொழுப்புத் திட்டில் உள்ளவை பெரியவை. செல்லின் விட்டம் இருமடங்கானால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகும் என்பதால், இந்த வேறுபாட்டை அற்பமென்று தள்ள இயலாது.

நிலவன்:
இட வேறுபாடு உண்டென்பதை நான் மறுக்கவில்லை. அதுவே தீர்மானிக்கிறது என்பதைத்தான் மறுக்கிறேன். கொழுப்பு மிகுந்த தீனி உண்ட ஆண் எலிகளில், விந்தகத்தை ஒட்டிய திட்டின் செல்கள் முதலில் பெருத்து, 16ஆம் வாரத்தை ஒட்டிப் பெருமளவில் மடிந்து, அவற்றைச் சூழ்ந்து, மடிந்த செல்களை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள் குவிகின்றன; பின்னர் புதிய சிறு செல்கள் தோன்றுவதால் சராசரி அளவு மீண்டும் இறங்குகிறது. 20ஆம் வாரத்தில் மட்டும் அளப்பவர், அங்கே வீக்கம் குறைவென்றே எழுதுவார். ஒரே இடம், ஒரே தீனி. வாரம் மாறியதும் முடிவும் மாறுகிறது.

செவ்வந்தி:
நீங்கள் சொன்ன சான்றே என் பக்கம் நிற்கிறது, நிலவன். அதே வாரங்களில் தொடையிடுக்கின் தோலடித் திட்டில் அத்தகைய பேரழிவு நிகழ்வதில்லை. ஆண் எலிகளில் அங்கே புதிய செல்கள் பெரும்பாலும் உருவாவதில்லை, இருக்கும் செல்களே வீங்குகின்றன. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், தோலடியின் முன்னோடிச் செல்களை (கொழுப்புச் செல்லாக மாறவல்ல இளம் செல்களை) வயிற்றறைத் திட்டில் நட்டபோது, அவை பிறந்த இடத்தின் வழக்கத்தை விட்டுப் புகுந்த இடத்தின் வழக்கப்படி பெருகத் தொடங்கின. சுற்றுச்சூழலே செல்லை நடத்துகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை எனக்குத் தெரியவில்லை.

நிலவன்:
அந்தச் சோதனையின் வலிமையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆய்வில் பெண் எலிகளின் தோலடியிலும் புதிய செல்கள் உருவாயின. ஆகவே இடத்தின் ஆணையைப் பாலினமும் மாற்றுகிறது. சராசரி என்ற ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, பால், வாரம், திட்டு ஆகிய மூன்றையும் குறித்து அளவுகளின் முழுப் பரவலையும் வெளியிட்டால், நம் இருவருக்கும் இடையே எஞ்சும் பிணக்கு மிகச் சிறிதே.

செவ்வந்தி:
பரவலை வெளியிட வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. அதிலும் முதலில் திட்டுவாரியாகவே பிரிக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.