பழைய தமிழ் இணையப் பக்கங்களின் எழுத்துருவை மாற்றுவதில் உதவி தேவை

வணக்கம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புலம்பெயர் தமிழ்த் தளங்களின் விருந்தினர் பக்கங்களில் (வருகையாளர் கருத்தெழுதும் guestbook) எழுதப்பட்ட பேச்சுத் தமிழை ஆராய்கிறோம். பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் உள்ளவை; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. இணையப் பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலிருந்து எடுத்து யூனிகோடுக்கு மாற்றுகிறோம்.

ஆங்கிலச் சொற்கள் சிதைவது பெரிய சிக்கலில்லை. பக்க மூலத்தில் எழுத்துருப் பெயர் குறித்த பகுதியை மட்டும் மாற்றினால் போதும். மெய்க்கு முன்னே பதிவாகியிருக்கும் கொம்பை, யூனிகோடு முறைப்படி மெய்க்குப் பின்னே நகர்த்துவதும் எளிது.

தொல்லை ஔகாரத்தில்தான். பாமினியில் அதன் பின்பாதியும் ளகரமும் ஒரே குறி. 'மௌனம்' என்பது 'மெளனம்' என வந்து, சொல்லெண்ணிக்கையில் ஒரே சொல் இரு வேறு சொற்களாகக் கணக்காகிறது. எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் 'வெள்ளம்', 'தெளிவு' கெட்டுவிடும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்ற விதி இவற்றைக் காப்பாற்றுகிறது. ஆனால் 'கெளம்பிட்டான்', 'வெளங்கல', 'மெளகா' போன்ற பேச்சு வடிவங்கள் அதில் அடிபடுகின்றன. எங்களுக்கு வேண்டியதே அவைதான்!

எனவே இரண்டு உதவிகள். இப்படி 'ெள' வரும் வட்டாரச் சொற்களை, ஊரோடு சேர்த்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு வழக்குகள் மிகவும் தேவை. விலக்குப் பட்டியலாக அவற்றைச் சேர்ப்போம். அக்காலப் பக்கங்களைக் கணினியில் சேமித்து வைத்திருப்பவர்கள் மூலக் கோப்பாகவே தாருங்கள். திரைப்பிடிப்பு (screenshot) எடுத்து அனுப்பினால் எழுத்துருத் தகவல் போய்விடும். எழுதியவர்களின் பெயர், மின்னஞ்சல் முகவரிகளை ஆய்வுத் தொகுப்பில் சேர்க்கும் முன்பே நீக்கிவிடுவோம்.